முதல் லூசிட் ட்ரீம் வரவே மாட்டேன் என்கிறதா? எங்கே தடுக்கிறது, எப்படிச் சரிசெய்வது: முழு வழிகாட்டி

படுத்ததும் "இன்றைக்குக் கனவில் விழித்துக்கொள்வேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வது, பகலில் உள்ளங்கையை அவ்வப்போது உற்றுப் பார்ப்பது, நாலு நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றதும் வேறு உத்திக்குத் தாவுவது. லூசிட் ட்ரீம் (கனவு காணும்போதே அது கனவு என்று தெரிவது) வராமல் திண்டாடுகிறவர்களில் பலரும் செய்வது இதுதான். எடுத்துக்கொண்ட உத்தியில் அநேகமாகக் குறை இருக்காது. செய்யும் நேரம் தப்பாக இருக்கும், அல்லது கனவே நினைவில் நிற்காத நிலையில் அடுத்த படிக்குப் போயிருப்பார்கள், அல்லது தூக்கமே போதாமல் இருக்கும்.

ஆகவே இந்த வழிகாட்டி ஒரு வரிசையில் போகிறது. முதலில் தூக்கம், பிறகு கனவு நினைவு, பிறகு பகல் பழக்கம், அதன் பின்தான் விடியற்கால முயற்சி. மொத்தம் ஐந்தாறு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முந்தைய படி தேறாமல் அடுத்ததில் காலை வைத்தால் அந்த ஐந்தாறு வாரம் ஆறு மாதமாக நீளும்.

எதைத் தேடுகிறோம்

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று தெரிவதுதான் லூசிட் ட்ரீம். பறப்பது, நினைத்த ஆளை வரவழைப்பது எல்லாம் அதற்கு மேலே வரும் சங்கதி. பல பேருக்கு முதல் அனுபவம் பத்து இருபது நொடியில் முடிந்துவிடுகிறது. "அட, கனவு!" என்று தோன்றும், உடனே விழிப்பு வந்துவிடும். அதுவும் கணக்கில் சேரும். முழுநீளப் படத்தை எதிர்பார்ப்பவர்கள் இந்தச் சின்னத் துண்டைத் தோல்வி என்று எழுதிவைத்துவிடுகிறார்கள்.

இப்போது நாம் பயன்படுத்தும் பொருளில் இந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் நெதர்லாந்து மனநல மருத்துவர் ஃபிரெடெரிக் வான் ஈடன், 1913இல். ஆனால் அரைத்தூக்கத்தில் தோன்றிய மயக்கமாகத்தான் இருக்கும் என்று ஆய்வாளர்கள் பல காலம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், ஆலன் வொர்ஸ்லி என்பவரைத் தூங்கவைத்துக் கருவிகளோடு கண்காணித்தார். கனவுக்குள் தெளிவு வந்ததும் வொர்ஸ்லி முன்கூட்டியே பேசி வைத்தபடி கண்களை இடவலமாக அசைத்தார், அது கருவியில் பதிவானது. ரெம் (REM) எனப்படும், கண்கள் வேகமாக அசையும் தூக்கக் கட்டத்தில் உடலின் தசைகள் முடங்கிக் கிடந்தாலும் கண்ணும் மூச்சும் தன்போக்கில் இயங்கும் என்பதால் இது சாத்தியமானது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக இதையே நிரூபித்தார். கீழே வரும் முக்கிய உத்தியும் அவருடையதுதான்.

பல ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வந்த கணக்கின்படி சுமார் 55 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது லூசிட் ட்ரீம் வந்திருக்கிறது, ஏறத்தாழ 23 சதவீதம் பேருக்கு மாதம் ஒரு முறையாவது வருகிறது. ஆக, இது ஏதோ அபூர்வப் பிறவிகளுக்கு மட்டும் வாய்க்கும் வரம் என்று நினைத்துக் கைவிட வேண்டியதில்லை.

யார் இப்போது வேண்டாம் என்று வைக்க வேண்டும்

நிஜத்தையும் கற்பனையையும் பிரித்தறிவதில் சிக்கல் தரும் மனநோய், இருதுருவக் கோளாறு, வலிப்பு, நார்கோலெப்ஸி (பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நோய்) போன்றவை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. தூக்கமின்மையால் அவதிப்படுகிறவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளட்டும். நள்ளிரவில் வேண்டுமென்றே எழுந்திருக்கும் பழக்கம் அவர்களுக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய். மறுநாள் காலையில் நெடுந்தூரம் வண்டி ஓட்ட வேண்டியவர்களும் ஆபத்தான இயந்திரத்தில் வேலை செய்பவர்களும் அந்த இரவை விட்டுவிட்டு வேறு இரவைத் தேர்ந்தெடுங்கள்.

இரவின் வரைபடம்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ரெம் தூக்கம் வரும், நீண்ட தெளிவான கனவுகள் பெரும்பாலும் அதில்தான். ஆனால் சுற்றுகள் ஒரே அளவில் இருப்பதில்லை. முதல் சுற்றில் ஆழ்ந்த தூக்கத்துக்கே பெரும்பங்கு, ரெம் சில நிமிடங்களோடு சரி. விடியலை நெருங்க நெருங்க ஆழ்ந்த தூக்கம் சுருங்கி, ரெம் அரை மணி நேரமாக, அதற்கும் மேலாக நீளும்.

இரவு 11 மணிக்குத் தூங்கி காலை 7 மணிக்கு எழுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய கனவுச் செல்வத்தின் பெரும்பகுதி 4 மணிக்கும் 7 மணிக்கும் நடுவே இருக்கிறது. இவர் 11 மணிக்குப் படுக்கும்போது எந்த உத்தியைச் செய்தாலும் அதற்கும் முதல் நல்ல கனவுக்கும் இடையே பல மணி நேர ஆழ்ந்த தூக்கம் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும். அதேபோல 5 மணிக்கே அலாரம் வைத்து எழுகிறவர் இரவின் மிக நீளமான கனவுகளை வெட்டி எறிந்துவிடுகிறார். ஆறு மணி நேரம் தூங்குகிறவருக்கு எட்டு மணி நேரத் தூக்கத்தில் கிடைக்கும் கனவில் முக்கால் பங்கு கிடைக்கும் என்று தோன்றும். உண்மையில் அதைவிடக் குறைவு, ஏனென்றால் வெட்டுப்படுவது ரெம் நிறைந்த கடைசிப் பகுதி.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. குறைந்தது ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்தில் படுத்து, ஏழரை முதல் எட்டரை மணி நேரம் தூங்குங்கள். தூக்கக் கடன் இருக்கும்போது உடல் முதலில் ஆழ்ந்த தூக்கத்தைத்தான் வசூல் செய்யும்.

மது இரவின் முதல் பாதியில் ரெம்மைக் குறைத்து, பிற்பாதியில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். கஞ்சாவும் ரெம்மைக் குறைக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகள் பலவும் அப்படித்தான், ஆனால் கனவுக்காக அவற்றை நிறுத்துவது முட்டாள்தனம். மாத்திரையைத் தொடர்ந்தபடியே முயன்று பாருங்கள், கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கலாம்.

கனவு நினைவு: முதல் இரண்டு வாரம்

வந்த லூசிட் ட்ரீம் நினைவில் இல்லாவிட்டால் அது வந்ததும் வராததும் ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு கனவுதான் நினைவிருக்கிறது என்கிறவர் நேராக உத்திக்குப் போவதில் பயனில்லை. ஒரு வாரம் முழுக்கத் தினம் ஒரு கனவாவது எழுதிய பிறகு அடுத்த படிக்கு வாருங்கள். அது எட்டாம் நாளே வந்தாலும் சரி, மூன்று வாரம் ஆனாலும் சரி.

படுக்கும் முன் நோட்டும் பேனாவும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அன்றைய தேதியை முதலிலேயே எழுதிவிடுங்கள், சின்னத் தந்திரம், வேலை செய்கிறது. "காலையில் என் கனவு நினைவிருக்கும்" என்று ஓரிரு முறை நிதானமாகச் சொல்லிக்கொண்டு தூங்குங்கள்.

விழிப்பு வந்த முதல் நிமிடம்தான் முக்கியம். அசையாதீர்கள், கண்ணைத் திறக்காதீர்கள். மணி என்ன, இன்றைக்கு என்ன வேலை என்ற யோசனை ஒன்று நுழைந்தாலே கனவு கரைய ஆரம்பித்துவிடும். "இப்போது எங்கே இருந்தேன்?" என்று மட்டும் கேளுங்கள். கடைசிக் காட்சி கிடைத்தால் "அதற்கு முன்னால்?" என்று பின்னோக்கிப் போங்கள். ஒன்றுமே கிடைக்கவில்லையா? மெதுவாக மறுபக்கம் புரண்டு, வழக்கமாகத் தூங்கும் இன்னொரு நிலையில் சற்று நேரம் கிடந்து பாருங்கள். மல்லாந்து கிடந்தபோது பிடிபடாத கனவு ஒருக்களித்ததும் பொசுக்கென்று வந்து விழுவது உண்டு. அப்போதும் வரவில்லை என்றால் மனதில் தங்கியிருக்கும் உணர்ச்சியை எழுதுங்கள்: பதற்றம், ஏக்கம், எதையோ தொலைத்த மாதிரி. அந்த ஒரு வரியும் பழக்கத்தை வளர்க்கும்.

எழுதும்போது முதலில் நாலைந்து குறிச்சொற்களைக் கிறுக்கிவிட்டு, பிறகு விவரமாக எழுதுங்கள். முதல் காட்சியை நீட்டி முழக்கி எழுதிக்கொண்டிருந்தால் மூன்றாவது காட்சி போய்விடும். போனில் எழுதுவதானால் திரை வெளிச்சத்தை மிகக் குறைத்து, இணையத்தை அணைத்துவிட்டு எழுதுங்கள். ஒரே ஒரு நோட்டிபிகேஷன் போதும், கனவு காலி.

பதினைந்து இருபது கனவு சேர்ந்ததும் நோட்டை ஒரே மூச்சில் படியுங்கள். திரும்பத் திரும்ப வருபவற்றைக் கோடிடுங்கள். இவைதான் கனவுக் குறிகள். இந்த மாதிரிப் பதிவைப் பாருங்கள்:

"பள்ளி மாடிப்படி. கணக்குப் பரீட்சை, நான் படிக்கவே இல்லை. கூட இருப்பவர்கள் ஆபீஸ் ஆட்கள். தாத்தா வாசலில் நிற்கிறார். வீட்டுக்கு போன் பண்ணப் பார்க்கிறேன், எண் தப்புத் தப்பாக விழுகிறது."

இதில் நாலு குறிகள் இருக்கின்றன. படிப்பு முடிந்து பல வருடம் ஆனவர் பரீட்சை எழுதுவது சூழலில் உள்ள முரண். பள்ளியில் அலுவலக ஆட்கள், அதுவும் சூழல்தான். இறந்துபோன தாத்தா உயிரோடு நிற்பது அப்பட்டமான குறி. போன் ஒத்துழைக்காதது செயலில் உள்ள முரண். இவற்றோடு உருவத்தில் வரும் முரண் (தெரிந்த வீட்டில் தெரியாத அறை), உள்ளே எழும் முரண் (காரணமே இல்லாத பேரச்சம்) என்று லபெர்ஜ் நாலு வகை பிரித்தார். உங்கள் நோட்டில் அடிக்கடி வரும் இரண்டு அல்லது மூன்று குறிகளைத் தேர்ந்தெடுத்தால் போதும். பட்டியல் நீண்டால் எதுவும் கூர்மையாகப் பதியாது.

பகலில்: ரியாலிட்டி செக்

இப்போது நடப்பது நிஜமா கனவா என்று சோதித்துப் பார்ப்பதுதான் ரியாலிட்டி செக். இரண்டாம் வாரத்திலிருந்து தொடங்கலாம். நம்பகமானது மூக்குச் சோதனை. மூக்கை விரலால் இறுக மூடி, வாயையும் மூடி, மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். கனவில் நீங்கள் மூடுவது கனவு மூக்கை. நிஜ உடல் படுக்கையில் சுவாசித்துக்கொண்டே இருக்கும், அதனால் மூச்சு தாராளமாக வரும். கூடவே ஏதாவது எழுத்தைப் படித்து, பார்வையை விலக்கி, மறுபடி படியுங்கள். கனவில் எழுத்தும் டிஜிட்டல் கடிகார எண்ணும் பெரும்பாலும் மாறிவிடும்.

எப்போதும் இரண்டு சோதனை செய்யுங்கள். விரலை எண்ணுவது ஒன்றையே நம்பியவர்கள் கனவில் எண்ணிப் பார்த்து, ஐந்து சரியாக இருக்கவே, "ஓ, நிஜம்தான்" என்று திருப்தியோடு கனவைத் தொடர்ந்த கதை ஏராளம்.

ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு மேல் வேண்டாம். அலாரம் அடித்துச் செய்வதைவிட உங்கள் கனவுக் குறியோடு கட்டிவையுங்கள். போன் கோளாறு உங்கள் குறியா, போனில் ஏதாவது சொதப்பும்போதெல்லாம் சோதியுங்கள். படிக்கட்டு குறியா, படியேறும்போது சோதியுங்கள்.

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. மூக்கை மூடும் கை வேலை செய்கிறது, மனம் செய்வதில்லை. விடை முன்பே தெரிந்துவிட்ட பாவனையில் செய்தால் கனவிலும் அதே பாவனையில்தான் செய்வீர்கள். மூக்கைத் தொடும் முன் பத்து நொடி நின்று, "இங்கே எப்படி வந்தேன்? பத்து நிமிடத்துக்கு முன் எங்கே இருந்தேன்?" என்று மெய்யாகவே யோசியுங்கள். கனவில் அந்தப் பத்து நிமிடத்துக்கு முந்தைய கதை பெரும்பாலும் இருக்காது.

அப்படிச் செய்தாலும் இதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பகல் சோதனையை மட்டும் ஒரு வாரம் செய்தவர்களுக்குப் பெரிய பலன் தெரியவில்லை. இது துணைக்கருவி. வேலையைச் செய்து முடிப்பது அடுத்து வருவது.

விடியற்கால முயற்சி: நடுவில் எழுந்து மைல்டு

லபெர்ஜ் உருவாக்கிய உத்தி எம்.ஐ.எல்.டி. (MILD, நினைவூட்டிக்கொள்வதன் மூலம் லூசிட் ட்ரீமைத் தூண்டுவது), வழக்கில் மைல்டு. அதன் அடிப்படை நமக்குத் தினசரி பழக்கமான ஒன்றுதான். "சாயங்காலம் அண்ணனைப் பார்த்தால் சாவியைக் கொடுக்க வேண்டும்" என்று காலையில் நினைத்து வைக்கிறோம், அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சாவி ஞாபகம் வருகிறது. இங்கே அண்ணன் இடத்தில் கனவுக் குறி, சாவி இடத்தில் "இது கனவு" என்ற நினைப்பு. இதை ஐந்து மணி நேரத் தூக்கத்துக்குப் பிறகு எழுந்து செய்யும்போதுதான் பலன்.

வாரத்துக்கு இரண்டு இரவு போதும், மறுநாள் விடுமுறையாக இருந்தால் உத்தமம். தினமும் செய்தால் தூக்கம் கெட்டு, இருக்கிற ரெம்மும் போகும்.

1. வழக்கமான நேரத்துக்குப் படுங்கள். தூங்க ஆரம்பிக்கும் நேரத்திலிருந்து ஐந்து மணி நேரம் கழித்து மெல்லிய அலாரம் வையுங்கள். 11 மணிக்குத் தூக்கம் என்றால் 4 மணி. காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக எழ முடிகிற மாதிரி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தூக்கக் கலக்கத்தில் அலாரத்தை அணைத்துவிடும் ஆளா நீங்கள்? போனை நாலடி தள்ளி வையுங்கள்.

2. அலாரத்தை அணைத்ததும் அசையாமல் சற்று நேரம் நில்லுங்கள், அல்லது மறுபடி படுத்து, இப்போது கண்ட கனவை நினைவுகூருங்கள். கிடைத்தால் குறிச்சொற்களை எழுதுங்கள். கிடைக்காவிட்டால் நோட்டிலிருந்து அண்மைக் கனவு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

3. எழுந்து நடங்கள். கழிப்பறைக்குப் போய் வாருங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். மங்கலான வெளிச்சத்தில் நோட்டைப் பத்து நிமிடம் புரட்டுங்கள். போனில் செய்தி, வீடியோ எதுவும் வேண்டாம், பெரிய விளக்கும் வேண்டாம்.

4. படுத்துக்கொள்ளுங்கள். உடல் தளரட்டும். "அடுத்த முறை கனவு காணும்போது, இது கனவு என்று எனக்கு ஞாபகம் வரும்." இதை மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் அர்த்தத்தோடு சொல்லுங்கள். மந்திரம் போல உருட்டினால் ஒலி மட்டும் ஓடும்.

5. இப்போது அந்தக் கனவுக்குள் மறுபடி நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். மேலே பார்த்த பதிவையே எடுத்துக்கொண்டால், பள்ளி மாடிப்படி, கைப்பிடியின் குளிர்ச்சி, வாசலில் தாத்தா. அவரைப் பார்த்ததும் நிற்கிறீர்கள். "தாத்தா இறந்துவிட்டாரே, அப்படியானால் இது கனவு." மூக்கை மூடுகிறீர்கள், மூச்சு வருகிறது. கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சுற்றிலும் பார்க்கிறீர்கள்.

6. நான்கையும் ஐந்தையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வேறு யோசனை குறுக்கிட்டால் சலிக்காமல் திரும்பி வாருங்கள். எண்ணம் உறுதியாகப் பதிந்துவிட்டது என்று தோன்றியதும் முயற்சியை விட்டுத் தூங்கிவிடலாம். கடைசியாக மனதில் இருப்பது அந்த வாக்கியமாக இருந்தால் நல்லது.

எவ்வளவு நேரம் விழித்திருப்பது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். தலை வைத்ததும் தூங்கிவிடுகிற ஆள் ஐந்து நிமிடத்தில் திரும்பிப் படுத்தால் வாக்கியத்தை இரண்டாம் முறை சொல்வதற்குள் குறட்டை வந்துவிடும். அவருக்கு இருபது முப்பது நிமிட விழிப்பு தேவை. லேசான தூக்கக்காரர் அதே முப்பது நிமிடம் உட்கார்ந்தால் விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பார். அவருக்கு ஐந்து நிமிடமே போதும், படுக்கையை விட்டு இறங்காமலேயே செய்யலாம். ஆஸ்பியின் ஆய்வில் பகல் சோதனை, ஐந்து மணி நேரம் கழித்து எழுவது, மைல்டு மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்குச் சுமார் 17 சதவீத முயற்சிகள் பலித்தன. மைல்டு முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கோ ஏறக்குறைய 46 சதவீதம். ஆகவே உங்கள் இலக்கு, மனம் தெளிவாக ஆனால் கண் சொக்கிய நிலை. அது எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பதை நோட்டில் குறித்து வைத்து, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

அந்த 17 சதவீதத்தை இன்னொரு கோணத்தில் பாருங்கள். ஆறு இரவில் ஒன்று. சராசரி ஆள் என்று வைத்துக்கொண்டால் ஆறு நல்ல முயற்சிக்குப் பிறகும் மூன்றில் ஒருவர் வெறுங்கையோடுதான் இருப்பார். மூன்று இரவு பார்த்துவிட்டு "எனக்கு ஒத்துவராது" என்பது கணக்குப்படியே அவசரம்.

எழும்போது தலை கல்லாகக் கனக்கிறது, கனவின் சுவடே இல்லை என்றால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே அலாரம் அடித்திருக்கிறது. அடுத்த முறை இருபது முப்பது நிமிடம் தள்ளி வையுங்கள். திரும்பத் தூக்கமே வரவில்லை என்றால் வாக்கியத்தை விட்டுவிட்டு மூச்சைக் கவனித்துக்கொண்டு கிடங்கள். "தூங்கியாக வேண்டும்" என்ற நெருக்கடிதான் பெரும்பாலும் தூக்கத்தை விரட்டுகிறது.

கற்பனையில் காட்சி கொண்டுவருவது கஷ்டம் என்பவர்களுக்கு எஸ்.எஸ்.ஐ.எல்.டி. (SSILD, புலன்களைக் கவனித்து லூசிட் ட்ரீமைத் தூண்டும் உத்தி) உண்டு. அதே நேரத்தில் எழுந்து, அதே போலப் படுத்து, மூடிய கண்ணுக்குள் தெரியும் இருட்டு, காதில் விழும் ஒலி, உடலில் தெரியும் உணர்வு என்று மூன்றையும் வரிசையாகக் கவனிக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றும் சில நொடி வீதம் நாலைந்து வேகச் சுற்று, பிறகு ஒவ்வொன்றும் இருபது முப்பது நொடி வீதம் மூன்று நாலு மெதுவான சுற்று. அதன் பிறகு எதையும் எதிர்பார்க்காமல் தூங்கிவிடுங்கள். ஆஸ்பி 2020இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் இதுவும் மைல்டுக்கு நிகராகவே பலன் தந்தது. ஆனால் இரண்டையும் ஒரே இரவில் கலக்காதீர்கள். ஒன்றை எடுத்தால் எட்டு முயற்சியாவது அதிலேயே இருங்கள்.

விழிப்பிலிருந்து நேராகக் கனவுக்குள் நழுவும் வைல்டு உத்தி இணையத்தில் அமர்க்களமாகப் பேசப்படுகிறது. முதல் கனவுக்கு அது ஏற்றதல்ல. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே மனதை நிறுத்தத் தனிப் பயிற்சி வேண்டும். வழியில் தூக்க முடக்கம், அதாவது அமுக்குவான், வந்து பயமுறுத்தவும் வாய்ப்பு உண்டு. அது வந்தால் பதற வேண்டாம். ரெம் தூக்கத்தின் தசை முடக்கம் கலைவதற்குள் மனம் முந்திக்கொண்டு விழித்துவிட்டது, அவ்வளவுதான். மார்பு அழுத்துவது போலவும் அறையில் யாரோ இருப்பது போலவும் தோன்றும். எழப் போராடாமல் மூச்சை நிதானமாக விட்டு, ஒரு கால் விரலை அசைக்க முயலுங்கள். சற்று நேரத்தில் விட்டுவிடும்.

கனவுக்குள் முதல் அரை நிமிடம்

இவ்வளவு பாடுபட்டு வந்த கனவு மூன்றே நொடியில் கலைவதற்கு முதல் காரணம் குதூகலம். மனம் துள்ளினால் விழிப்பு வந்துவிடும். அதனால் இந்த அரை நிமிடத்தை விழித்திருக்கும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருக்க வேண்டும்.

"இது கனவு" என்று தெரிந்ததும் நில்லுங்கள். உள்ளங்கைகளைப் பரபரவென்று தேயுங்கள், அந்தச் சூட்டை உணருங்கள். பக்கத்தில் இருக்கும் சுவரையோ தரையையோ தொடுங்கள். பார்வையை ஒரே இடத்தில் நிலைகுத்த விடாமல் ஒவ்வொரு பொருளாக நகர்த்துங்கள். "இது கனவு, நான் அமைதியாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காட்சி மங்க ஆரம்பித்தால் கையைத் தேய்ப்பதைத் தொடருங்கள், அல்லது நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுழலுங்கள். இந்த இரண்டையும் லபெர்ஜ் சோதித்துப் பார்த்து, சும்மா விடுவதைவிடக் கனவு நீடிக்க உதவுகின்றன என்று கண்டார்.

பறப்பதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறைக்குச் சின்ன இலக்கு போதும்: ஒரு கதவைத் திறந்து அடுத்த அறைக்குப் போவது, அல்லது ஒரு பொருளை எடுத்து அதன் எடையை உணர்வது. இலக்கு இல்லாதவர்கள் "இப்போது என்ன செய்யலாம்?" என்று யோசிப்பதற்குள் மறுபடி கனவின் கதைக்குள் அடித்துச் செல்லப்படுகிறார்கள்.

விழித்துவிட்டீர்களா? அசையாதீர்கள். கண்ணைத் திறக்காமல் கலைந்த காட்சியை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு கிடந்தால் சில சமயம் அதே கனவுக்குள் திரும்பலாம். பிறகு எழுந்ததும் முதல் வேலை மூக்குச் சோதனை. படுக்கையில் விழித்து, நோட்டில் எழுதி, பல் துலக்கியதும் கூடக் கனவாக இருக்கும் பொய்விழிப்பு இந்த நேரத்தில் சகஜம். இந்த ஒரு பழக்கத்தால் மட்டுமே முதல் லூசிட் ட்ரீம் கிடைத்தவர்கள் உண்டு.

மாத்திரை, முகமூடி

கேலன்டமைன் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அல்சைமர் நோய்க்கான மருந்து அது. 2018இல் வெளியான ஆய்வில் 121 பேரிடம் சோதித்தார்கள். நடுவில் எழுந்து மைல்டு செய்வதோடு சேர்த்து எடுத்தபோது வெற்று மாத்திரையில் 14 சதவீதம் பேருக்கும், 4 மில்லிகிராமில் 27 சதவீதம் பேருக்கும், 8 மில்லிகிராமில் 42 சதவீதம் பேருக்கும் லூசிட் ட்ரீம் வந்தது. கலந்துகொண்டவர்கள் ஏற்கெனவே இதில் ஈடுபாடும் பயிற்சியும் உள்ளவர்கள். குமட்டல், இதயத் துடிப்புக் குறைதல் போன்ற பக்கவிளைவுகள் இதற்கு உண்டு. மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம். பி6 வைட்டமின் கனவு நினைவைக் கொஞ்சம் கூட்டுவதாக ஓர் ஆய்வு உண்டு, லூசிட் ட்ரீமைக் கூட்டவில்லை. அதிக அளவில் தொடர்ந்து எடுத்தால் நரம்பைப் பாதிக்கும். கண்ணில் ஒளி மின்னும் முகமூடிகள், அந்த ஒளியைக் கண்டதும் "இது கனவா?" என்று கேட்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தால் மட்டும் உதவும். இல்லாவிட்டால் கனவில் அந்த ஒளி மின்னலாகவோ வண்டி விளக்காகவோ மாறிப்போகும்.

ஆறு வாரம் ஆகியும் வரவில்லை என்றால்

நோட்டை எடுத்து எங்கே அறுபடுகிறது என்று பாருங்கள். கனவுகள் குறைவாகவும் துண்டுதுண்டாகவும் இருந்தால் தூக்க நேரத்தைக் கூட்டி, முயற்சியை இரண்டு வாரம் நிறுத்துங்கள். கனவு நிறைய இருக்கிறது, ஆனால் முரண்களைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்றால் பகல் சோதனை இயந்திரத்தனமாகிவிட்டது. கனவில் மூக்கை மூடிப் பார்க்கிறீர்கள், அல்லது லூசிட் ட்ரீம் பற்றி யாரிடமோ பேசுவதாகக் கனவு வருகிறது, "ரொம்ப விசித்திரமாக இருக்கிறதே" என்று தோன்றி அதோடு நின்றுவிடுகிறது என்றால் நீங்கள் வாசல்படியில் நிற்கிறீர்கள், எதையும் மாற்றாதீர்கள். திரும்பத் தூங்க எப்போதும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறதா, விழித்திருக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

பகலில் தூக்கம் தள்ளுகிறது, நிஜத்தில் நடந்ததா கனவில் நடந்ததா என்று குழப்பம் வருகிறது, அமுக்குவான் அடிக்கடி வருகிறது என்றால் ஒரு மாதம் முழுமையாக விட்டுவிடுங்கள்.

வந்துவிட்டது என்றால், கனவை எழுதி முடித்த கையோடு அதன் கீழே இவற்றையும் குறியுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், அலாரம் எப்போது, எத்தனை நிமிடம் விழித்திருந்தீர்கள், எந்தப் பக்கம் படுத்திருந்தீர்கள், தெளிவைத் தூண்டிய குறி எது, எதனால் கலைந்தது. அடுத்த முயற்சியில் இதில் ஒன்றையும் மாற்றாமல் அப்படியே திரும்பச் செய்யுங்கள்.